பெயரறியாச் சந்தையும் குழூஉக்குறியும்

ஒருவரையொருவர் பெயராலும் குலத்தாலும் ஊராலும் அறியாத மனிதர் பலர் ஓரிடத்திற் கூடி, நாள்தோறும் கொள்ளலும் கொடுத்தலும் நிகழ்த்துவார்களாயின், அவர்களிடையே எத்தகைய பாஷை பிறக்கும், அப்பாஷை எவரைக் காக்கும், எவரை வஞ்சிக்கும் என்னும் வினா, பாஷா சாஸ்திரத்திற்கு மட்டுமன்றிச் சமூக நீதிக்கும் உரிய வினாவாகும். இதனை ஆராயப் புகுவோருக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரியைக் காட்டிலும் தக்க இடம் தென்னாட்டில் கிடைப்பது அரிது. இவ்வூரில் சந்தை முதலில் தோன்றிற்று என்றும், சந்தையைச் சுற்றிச் சமூகங்கள் பின்னர் வந்து குடியேறின என்றும் கூறினால் அது பெரும்பாலும் பொருந்தும்.

1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் நேர்ந்த பெருவெள்ளத்தால் பழைய முசிறியின் துறை தூர்ந்து, கொச்சியின் கழிமுகம் விரிந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. யவனரின் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பியதை அகநானூற்றுப் பாட்டொன்று பேசுகின்ற அந்த முசிறியின் வியாபாரம், காலக்கிரமத்தில் கொச்சிக்கு மாறிற்று. போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே ஓர் அரண்மனை கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1568-இல் அதன் அருகிலேயே பரதேசி யூதர் தம் ஜெபாலயத்தை எழுப்பினர். 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். கோவாவிலிருந்து வந்த கொங்கணியர், கட்சிலிருந்து வந்த மேமன்கள், குஜராத்தி வைசியரும் ஜைனரும், தமிழ்நாட்டினின்றும் வந்த வண்ணாரும் வணிகரும் பிராமணரும் எனப் பலர் சில சதுர மைல்களுக்குள் நெருங்கி வாழ்ந்தனர். வீட்டில் ஒரு பாஷை, கடையில் ஒரு பாஷை, வழிபாட்டில் மற்றொரு பாஷை என்பது இங்கே விசேஷமன்று, அன்றாட வழக்கம். மலையாளம் அனைவருக்கும் பொதுவாயிற்று. எனினும், பொதுப் பாஷையொன்று இருந்த இடத்திலும் பிரத்தியேகமான குறிமொழிகள் மறையவில்லை என்பதே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

தமிழ் இலக்கணிகள் இவ்வகைப் பேச்சுக்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, அதற்கு இலக்கணத்தில் ஓர் இடமும் அளித்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதனை இடக்கரடக்கல், மங்கலம் என்னும் இரண்டோடும் சேர்த்துத் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும் உரைகளில் வரும் உதாரணங்கள். தொல்காப்பியத்திற்கு உரை கண்டோர், நாணயம் சோதிக்கும் வண்ணக்கர் காணத்தை நீலம் என்று சொல்வதையும் இவற்றோடு சேர்த்தனர். இவ்வுதாரணங்களில் கள்வரின் பேச்சு இல்லை; எல்லாம் தொழிலாளரின் பேச்சு. அவையிற் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வதும், அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வதும், ஒரு குழுவினர் தமக்குள் ஒரு பொருளை வேறு பெயரால் வழங்குவதும் ஆகிய மூன்றையும் ஒரே இனமாகக் கண்ட அந்த இலக்கணிகள், குழூஉக்குறியை வஞ்சகமாகக் கருதாமல், இடமறிந்து பேசும் பண்பாகவே கருதினர் என்று கொள்வதற்கு இடமுண்டு. இந்த அமைப்பு மிகுந்த நுட்பமுடையது என்பது எனது அபிப்பிராயம். பின்வந்த மேனாட்டு ஆராய்ச்சியாளர் பலர் நெடுங்காலம் எட்டாத ஒரு கருத்து அதில் அடங்கியிருக்கிறது.

ஏனெனில், மேனாட்டில் இத்தகைய பேச்சின் ஆராய்ச்சி பிச்சைக்காரரையும் திருடரையும் பற்றிய அச்சத்திலிருந்து தொடங்கிற்று. ஏறத்தாழ 1510-இல் ஜெர்மன் நாட்டில் வெளியான நாடோடிகளின் நூல் ஒன்று அவர்களுடைய ரகசியச் சொற்களைப் பட்டியலிட்டது. 1528-இல் அதன் ஒரு பதிப்புக்கு மார்ட்டின் லூதரே முன்னுரை எழுதி, மக்களை எச்சரித்தார். அப்பேச்சில் எபிரேயச் சொற்கள் விரவியிருந்தமையால், அதன் மூலமாக யூதர்மீதும் பழி ஏறிற்று. ஆயினும் பவேரியாவின் ஷோப்லோக் என்னும் ஊரில் யூத மாட்டு வியாபாரிகள் எபிரேயச் சொற்களைக் கொண்டு பேசிய லகோடிஷ் என்னும் குறிமொழி, கிறிஸ்தவரான அண்டை வீட்டாரிடமும் பரவி, யூதர் அங்கில்லாமற்போன பின்னரும் அவர்களிடையே வழங்கி வந்தது. ரகசியம் காப்பதற்காக மட்டுமே அப்பேச்சு தோன்றியிருக்குமாயின், ரகசியத்திற்கு உரியவர் நீங்கிய பின் அது நிலைத்திருக்க வேண்டிய காரணமில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஹாலிடே என்னும் ஆங்கில மொழியறிஞர், 1976-இல் எழுதிய ஓர் ஆய்வில், எலிசபெத் காலத்து நாடோடிகளின் பேச்சையும், கல்கத்தாவின் நிழலுலகத்தைப் பற்றி பக்திப்பிரசாத் மல்லிக் திரட்டிய சொற்களையும், போலந்துச் சிறைவாசிகளின் பேச்சையும் ஒப்புநோக்கி, இவை மறைப்பதற்காக மட்டுமன்றித் தமக்கென்று ஒரு மாற்றுச் சமூகத்தை நிலைநாட்டுவதற்காகவும் எழுந்த எதிர்மொழிகள் என்று நிறுவினார். தகுதி வழக்கு என்று நம் இலக்கணிகள் ஒரு சொல்லால் குறித்த இடத்தை மேனாடு சுற்றிவந்து சேர நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

நம் நாட்டிலும் மறைப்பதையே நோக்கமாகக் கொண்ட முறைகள் இல்லாமல் இல்லை. காமசூத்திரம் கூறும் அறுபத்துநான்கு கலைகளுள் மிலேச்சித விகற்பம் என்பது ஒன்று. அதற்கு ஜயமங்கள உரை எழுதிய யசோதரர், எழுத்துக்களை இணையிணையாக இடம் மாற்றும் மூலதேவீயம் என்னும் முறையை விளக்குகிறார். கேரளத்தில் மூலபத்திரி என்று வழங்கும் எழுத்துமாற்றுப் பாஷை இதற்கு மிக நெருங்கியது. திருவிதாங்கூரில் மார்த்தாண்டவர்மர் காலத்து ஒற்றர் அதனைக் கையாண்டதாகச் சொல்வதுண்டு. தமிழ்ச் சிறுவர் சிறுமியர் ஒவ்வோர் எழுத்தின் முன்னும் ககரத்தை நுழைத்து விளையாடும் பேச்சும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. சித்தர் நூல்களின் பரிபாஷையோ வேறு தன்மையது: சிறுநீரை அமுரி என்றாற்போல, மருந்துச் சரக்குகளுக்கு மறைபெயர் இட்டு, குருவின் வாய்மொழியின்றி நூலை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் மருந்து முடிக்க இயலாதவாறு அது காத்தது, அக்காவலின் விளைவாக, குரு பரம்பரை அறுந்த இடங்களில் மருந்தும் சேர்ந்து அறுந்தது. இவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. சந்தையின் பேச்சுக்கு வருவோம்.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ரகசியம் பேச விரும்பும் வியாபாரிக்குப் புதிய சொல் புனைய வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அவனுடைய தாய்மொழியே போதும். மலையாளியான விவசாயி எதிரில் நிற்கையில், கட்சி மொழியிலோ கொங்கணியிலோ குஜராத்தியிலோ தன் பங்காளியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால், விலை நிச்சயமாகிவிடும். குஜராத்தி வணிகரின் கணக்கெழுத்தும் இத்தகையதே. மேற்கோடும் இன்றிப் பல வேளை உயிர்க்குறியும் இன்றி எழுதப்படுவதால், வழக்கறிந்தவனே அதனைப் படிக்க முடியும். வடநாட்டு மகாஜனி எழுத்தைக் குறித்து, பெரியவர் அஜ்மீருக்குப் போனார் என்று எழுதிய கடிதத்தைப் பெரியவர் இன்று இறந்துபோனார் என்று வாசித்துக் குடும்பமே அழுததாக ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. யூதரின் மலையாளத்திலும் எபிரேயச் சொற்கள் கலந்திருந்தன. அவர்களுடைய பெண்கள் திருமணத்திலும் திருநாளிலும் பாடிய மலையாளப் பாட்டுக்களைக் கையெழுத்து நோட்டுக்களில் எழுதி வைத்துக் காத்தனர். 1950-களில் அச்சமூகத்தாரில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தபோது அந்த நோட்டுக்களும் உடன் சென்றன. பின்னர் ஸ்கறியா சக்கறியா போன்ற அறிஞர் அவற்றுள் பலவற்றைத் தேடிப் பதிப்பிக்க முயன்றதனால் அப்பாட்டுக்கள் பிழைத்தன. பாட்டுக்கு நேர்ந்த இந்த நல்வினை, அதே தெருவில் அதே மக்கள் கடையில் பேசிய பேச்சுக்கு நேரவில்லை.

பாஷை பல இருப்பதால் நேரும் இடர்ப்பாட்டை, பாஷையே இல்லாமல் கடந்த உபாயம் ஒன்று மலையாளக் கரையில் மிகப் பழமையானது. இத்தாலியப் பிரயாணியான லுதோவிக்கோ தி வர்தேமா, பதினாறாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் கோழிக்கோட்டில் தாம் கண்டதை 1510-இல் வெளியிட்ட நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். மொத்த வியாபாரம் எப்போதும் தரகர் மூலமாகவே நிகழும். வாங்குவோரும் விற்போரும் கூடி நிற்கையில், தரகர் ஒரு துணியை எல்லாரும் காண ஒரு கையில் பிடித்து, மறுகையால் விற்பவனுடைய விரல்களைப் பற்றி, துணியால் மூடி, விரலைத் தொட்டே விலை கேட்பார். பின்னர் வாங்குபவனிடமும் அவ்வாறே செய்வார். இருவர் வாயினின்றும் ஒரு தொகையும் வெளிவராது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்திற்குப் பின் கோல்கொண்டா வைரச் சுரங்கங்களுக்குச் சென்ற பிரெஞ்சு வியாபாரி தவர்னியே, இக்கணக்கின் சூத்திரத்தையே தருகிறார்: முழுக்கையைப் பற்றினால் ஆயிரம், அழுத்தும் முறைக்கேற்ப அத்தனை ஆயிரம், ஐந்து விரலையும் பற்றினால் ஐந்நூறு, ஒரு விரலுக்கு நூறு, நடுக்கணு வரையில் பாதி விரலுக்கு ஐம்பது, நுனிக்குப் பத்து. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டு போட்டு விலை பேசும் தரகர்கள் இன்றளவும் இம்முறையைக் கைவிடவில்லை. கேரளத்திற்கு மாடுகள் செல்லும் பெருவாசலாகிய பொள்ளாச்சிச் சந்தையில் இதனை நேரிற் காணலாம். ஒரு விரல் நூறா, ஆயிரமா, பதினாயிரமா என்பதை விரல் சொல்வதில்லை. எதிரில் நிற்கும் மாடு சொல்லும். மாட்டை மதிக்கத் தெரியாதவனுக்கு விரற்கணக்கை முழுதும் கற்பித்தாலும் பயனில்லை. ஆகவே, குறியின் காவல் குறியில் இல்லை, தொழிலறிவிலேயே இருக்கிறது.

இம்முறையின் நன்மையையும் தீமையையும் நிதானமாக எடைபோட வேண்டும். பாஷை தெரியாத அராபியனும் மலையாளியும் தமிழனும் இதனால் ஒரே தரத்தில் நின்று பேரம் பேச முடிந்தது. சுற்றி நிற்கும் கூட்டத்திற்கு விலை தெரியாமையால், விற்பவன் முதல் வாங்குபவனிடம் இறங்கிவந்த விலை அடுத்தவனிடம் அவனுக்குக் குறைவை உண்டாக்கவில்லை. வாங்குபவனுக்கும் தன் கைப்பொருளின் அளவைச் சந்தைக்கு அறிவிக்க வேண்டிய நிர்ப்பந்தம் நேரவில்லை. இவை உண்மையான நன்மைகள். ஆனால் துண்டுக்கடியில் இருப்பவை இரு தரகர்களின் கைகளாக இருந்து, மாட்டை வளர்த்தவன் வெளியே நிற்பானானால், எந்த விலைக்குத் தன் மாடு போயிற்று என்பதை அறியாதவன் அவன் ஒருவனே. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய நூலிலும் வணிகரும் தரகரும் தமக்குள் வழங்கிய மறைமொழிகள் பற்றிய குறிப்புகள் உள்ளன. வாடிக்கையாளர் எதிரிலேயே அவருடைய மதிப்பைப் பேசிக்கொள்ள அவை உதவின. ஜவுளிக்கடையில் அடக்க விலையைப் பத்தெழுத்துச் சொல்லொன்றின் எழுத்துக்களால் சீட்டில் குறித்து வைப்பதும் இதன் சாதுவான வடிவமே. நெல்லளப்போர் ஒன்று என்னாமல் லாபம் என்று தொடங்குவதோ குழூஉக்குறியும் மங்கலமும் கலந்தது. அதில் எவருக்கும் கேடில்லை.

விரல் பேசும் அந்த மௌனத்திற்கு நேர்மாறான ஒன்று மட்டாஞ்சேரியின் யூதர் தெருவில் அரை நூற்றாண்டுக் காலம் நடந்தது. 1957-இல் தோன்றிய இந்திய மிளகு வாசனைப்பொருள் வணிகர் சங்கத்தின் கூடத்தில், வருங்காலத்தில் ஒப்படைக்க வேண்டிய மிளகுக்கு முன்கூட்டியே விலை பேசும் அவதி வியாபாரம், வாய்விட்டுக் கூவும் முறையில் நிகழ்ந்து வந்தது. சுற்றிலும் தொலைபேசிக் கூண்டுகள். நடுவே கூடி நின்று கைகளை உயர்த்திக் கூவும் தரகர்கள். அயலாருக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றும் அந்த ஒலியில் மாதம், அளவு, விலை, வாங்கல் விற்றல் என அனைத்தும் சில அசைகளில் அடங்கின. உலகம் முழுவதும் மிளகு வாங்கி விற்போர் செவிசாய்த்த விலைகளுள் ஒன்று அங்கே பிறந்தது. சிகாகோ நகரத்துத் தானியச் சந்தைகளிலும் இதே நிலைதான்: உள்ளங்கை தன்பக்கம் நோக்கினால் வாங்குவேன் என்றும், வெளிநோக்கினால் விற்பேன் என்றும் பொருள், அங்கே பெரும்பாலான கூவற்களங்கள் 2015-இல் மூடப்பட்டன.

கூவும் வியாபாரத்தின் அஸ்திவாரம் சொன்ன சொல் மாறாமை. எழுத்தும் கையொப்பமும் பின்னரே வரும். விலை சாதகமாக மாறவில்லை என்பதற்காக, நான் அவ்வாறு கூவவில்லை என்று ஒருவன் சாதிப்பானானால், அடுத்த நாள் அவன் குரலுக்கு மறுகுரல் கிடைக்காது. அங்கே குறிமொழியைப் பிழையறப் பேசுவதே ஒருவனுடைய நாணயத்திற்குச் சான்றாக இருந்தது. அவன் எந்த மதத்தான், எந்த ஊரான் என்பது இரண்டாவது கேள்வி. மிளகின் தரங்களைப் பற்றிய பேச்சும் இதைச் சேர்ந்தது. சலித்துத் தூய்மை செய்த மிளகு கார்பிள்டு, செய்யாதது அன்கார்பிள்டு என்று கேரளத்துச் செய்தித்தாளின் விலைப்பட்டியலில் இன்றும் அச்சேறுகின்றன. மலபார் கார்பிள்டு ஒன்றாம் தரத்தை எம்.ஜி.1 என்றும், பருமணியான தலைச்சேரி மிளகை டி.ஜி.இ.பி. என்றும், ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதை வைத்து 550 ஜி.எல். என்றும் சொல்லி முடித்துவிடுவர். இடுக்கியிலும் வயநாட்டிலும் கொடி வளர்க்கும் குடியானவனும் இந்த எண்ணை அறிந்துகொண்டான் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். துண்டுக்கடியில் விரல் பேசியதை மாட்டுக்காரன் அறியவில்லை. ஆனால் லிட்டர் எடையைத் தன் வீட்டு முற்றத்திலேயே அளந்து பார்த்து, தரகன் சொல்வது மெய்யா என்று மிளகுக்காரன் தெரிந்துகொள்ள முடியும். பரிசோதிக்கத்தக்க குறிமொழிக்கும் பரிசோதிக்க முடியாத குறிமொழிக்கும் இடையிலுள்ள இந்த வேற்றுமையையே இவ்விஷயத்தில் முதன்மையானதாக நான் கருதுகிறேன். மறைவாகப் பேசுவது குற்றமன்று. மறைவுக்கு வெளியே நிறுத்தப்படுபவன் அப்பொருளுக்கு உரியவனாக இருப்பதே குற்றம்.

புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அகில இந்தியக் கணினிச் சந்தைகள் தோன்றி, மிளகின் அவதி வியாபாரமும் திரைக்கு மாறியபோது, அந்தக் கூவல் ஓய்ந்தது. அதன்பின் வாங்குபவனும் விற்பவனும் ஒருவரையொருவர் காண்பதே இல்லாமற்போயிற்று. எண்கள் மட்டுமே சந்தித்தன.

பேச்சை விட்டுக் குறிக்கு வந்தால், கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்னும் இடத்தில் உள்ள சலவைத் துறையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. டச்சுப் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவரின் சந்ததியார் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் வண்ணார், பல தலைமுறைகளாகத் தமிழையும் தொழிலையும் இங்கே காத்து வருகின்றனர். இப்போதுள்ள சலவைக்கூடம் 1976-இல் அமைக்கப்பட்டது. ஊரெல்லாம் திரட்டிய துணிகள் ஒரே கல்லில் அடிபட்டு, ஒரே வெயிலில் உலர்ந்து, மறுபடி அவரவர் வீடு சேர்வதற்கு ஆதாரம் வண்ணான் குறி. தென்னாட்டில் இதற்குச் சேங்கொட்டையின் சாற்றைச் சுண்ணாம்பு சேர்த்துப் பயன்படுத்தினர். ஒருமுறை பதிந்தால் எத்தனை வெளுப்புக்கும் அது போகாது. புள்ளியும் கோடும் வளைவுமாக அமைந்த அக்குறியில் வீட்டுக்காரரின் பெயர் இல்லை, சாதி இல்லை, அந்தஸ்து இல்லை. பெயரைத் தவிர்த்து உரிமையை மட்டும் காக்கும் இந்த எழுத்து, எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்கள் தாமே கண்டுபிடித்து, தாமே கற்பித்து, பிழையின்றி நடத்திய லிபி என்பதை நம் கல்வியுலகம் தக்கபடி மதித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இதே மட்டாஞ்சேரியில், பெயரைத் தவிர்த்த மற்றொரு குறி மனிதரை அழித்தது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றியிறக்கும் வேலைக்கு வந்து நிற்கும் கூலியாட்களுக்குச் சாப்பா என்னும் உலோக வில்லை கொடுக்கும் வழக்கம் இருந்தது. அது கிடைத்தவனுக்கே அன்றைய வேலை. மேஸ்திரி அவ்வில்லைகளைக் கூட்டத்தின்மீது வீசியெறிய, பசித்தவர் ஒருவரையொருவர் மிதித்து அவற்றைப் பொறுக்குவர். வண்ணான் குறியிட்ட துணி உரியவரிடம் திரும்பிச் சென்றது. வில்லை பெற்ற மனிதனோ மாலையில் மீண்டும் எவரும் அறியாதவனானான். இவ்வழக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது, 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். தொழிலாளர் உயிர் நீத்தனர். கே. எம். சிதம்பரன் இப்போராட்டத்தைத் துறமுகம் என்னும் நாடகமாக எழுதினார். ராஜீவ் ரவியின் இயக்கத்தில் அது திரைப்படமாகி 2023-இல் வெளிவந்தது. பெயரின்மை வணிகனுக்குச் சௌகரியமாக இருந்த அதே ஊரில் கூலிக்காரனுக்குத் துன்பமாக இருந்ததற்குக் காரணம் எளிது: வணிகன் தன் பெயரைத் தானே மறைத்துக்கொண்டான், கூலிக்காரனின் பெயரை மற்றவர் கேட்க மறுத்தனர்.

தாமே விரும்பி மேற்கொண்ட மறைவு எளியவருக்கு எவ்வளவு அரணாக அமையும் என்பதற்குத் தமிழ்நாட்டுத் திருநங்கையரிடையே வழங்கும் கவுடி பாஷையைக் காட்டலாம். குடும்பத்தால் கைவிடப்பட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் ஒருவருக்கு, முன்பின் அறியாத நகரத்தில் தம்மவரை அடையாளம் காணவும், அபாயத்தை எச்சரிக்கவும் அப்பாஷையே துணை. அதன் சொற்களை வெளியார் பத்திரிகைகளில் கொட்டி விளக்குவது ஆராய்ச்சியாகாது. அது அவர்கள் வீட்டின் கதவைப் பெயர்ப்பதற்கு ஒப்பாகும். ஆகையால் நானும் அச்சொற்களை இங்கே எடுத்துரைக்கவில்லை.

சந்தைப் பேச்சைத் தொகுப்பதில் அத்தகைய தடை இல்லை. கப்பற்றொழிலாளரின் கலப்புப் பேச்சாகிய லஸ்கரிக்குத் தாமஸ் ரோபக் 1811-இலேயே கல்கத்தாவில் அகராதி செய்தார்; அவர் நோக்கம் மாலுமிகளுக்குக் கட்டளையிடுவதாக இருந்தபோதிலும், அச்சொற்கள் நமக்குக் கிடைத்தன. மட்டாஞ்சேரியின் மிளகுக் கூவலுக்கு அத்தகைய அகராதி ஒன்று வேண்டும். யூதர் தெருக் கூடத்தில் நின்று கூவிய தரகர் பலர் முதுமையெய்தியிருப்பர். சொற்களை மட்டும் எழுதிக்கொண்டால் போதாது, குரலின் ஏற்ற இறக்கத்தையும் கையின் அசைவையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும், ஏனெனில் அவையின்றி அச்சொற்களுக்குப் பொருள் இல்லை. அதன் பின்னர் கொங்கணி, கட்சி, குஜராத்திக் கடைகளின் கணக்கேடுகள். பின்னர் துறைமுகத் தொழிலாளரின் நினைவிலுள்ள சொற்கள். இவற்றுள் முதலில் தொடங்க வேண்டியது வண்ணாரின் குறிகளையே என்பேன்: சலவை இயந்திரம் வீடுதோறும் வந்துவிட்டபடியால் அத்தொழிலுக்குப் பிள்ளைகள் வருவது குறைந்து வருகிறது, குறிகளை ஏட்டில் எழுதும் வழக்கம் அத்தொழிலில் என்றும் இருந்ததில்லை, தமிழ் தெரிந்த ஓர் ஆராய்ச்சியாளர் நோட்டுப் புத்தகத்துடன் சென்று அங்குள்ள முதியவர்களிடம் பணிவாகக் கேட்டால், எந்தக் கோடு எந்தத் தெருவினுடையது என்பதை அவர்களே வரைந்து காட்டுவார்கள்.